நடிகர்களே இல்லாத நாடகம்... சீன-அமெரிக்க இயக்குநர் பிங் சோங் செய்தது என்ன?

மேடையில் அரைவட்டமாகச் சில நாற்காலிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் பேப்பர் வைக்க ஒரு ஸ்டாண்டு. அவ்வளவுதான் செட். உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் தொழில்முறை நடிகர்கள் இல்லை. அவரவர் வாழ்க்கையை அவரவரே வாசிக்கிறார்கள்.

சீன-அமெரிக்க இயக்குநர் பிங் சோங் 1992ல் நியூயார்க்கில் தொடங்கிய 'அன்டிசையரபிள் எலிமென்ட்ஸ்' நாடகத் தொடர் இப்படித்தான் இருக்கும். தமிழில் 'வேண்டாதவர்கள்' எனலாம். பிறந்த மண்ணுக்கும் வாழும் மண்ணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் ஆரம்பித்து, போரில் சிக்கிய பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், இளம் முஸ்லிம்கள் என 60க்கும் மேற்பட்ட நாடகங்களாக வளர்ந்தது.

யார் இந்த பிங் சோங்?

1946ல் கனடாவின் டொரன்டோவில் பிறந்து, நியூயார்க் சைனா டவுனில் வளர்ந்தவர். அப்பா, அம்மா இருவருமே சீன ஆபரா கலைஞர்கள். இவர் படித்தது என்னவோ சினிமாவும் கிராஃபிக் டிசைனும். 1975ல் சொந்தக் குழு தொடங்கினார். 2014ம் ஆண்டுக்கான அமெரிக்க தேசியக் கலைப் பதக்கம் இவருக்குக் கிடைத்தது.

ஸ்கிரிப்ட் எங்கிருந்து வருகிறது?

பேட்டிகளில் இருந்து. பங்கேற்பவர்களிடம் நீண்ட நேரம் பேசி, அதையே நாடகமாக எழுதுகிறார்கள். தனித்தனி கதைகளாக இல்லை. வருஷக் கணக்கில் எல்லோருடைய வாழ்க்கையையும் ஒன்றாகப் பின்னிவிடுகிறார்கள். ஒருத்தர் தன் கதையைச் சொல்லும்போது, பக்கத்து நாற்காலிக்காரர் அவருடைய அம்மாவாகவோ, ஒரு அதிகாரியாகவோ குரல் கொடுப்பார். முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் கதையை இன்னொருவர் சுமப்பது இந்த இடத்தில்தான்.

ஆபத்து இல்லையா?

இருக்கு. 2011ல் வந்த 'சீக்ரெட் சர்வைவர்ஸ்' நாடகத்தில் பேசியவர்கள், சிறு வயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள். நடிகர் என்றால் நாடகம் முடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இவர்களால் முடியாது. ஊருக்கு முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவும் முடியாது.

அதனால் எழுதிய ஸ்கிரிப்ட் முதலில் கதை சொன்னவரிடமே போகிறது. எது மேடையில் வரலாம், எது வரக்கூடாது என்பதில் அவர் சொல்வதுதான் முடிவு. ஸ்டாண்டில் பேப்பர் இருப்பதும் இங்கே ஒரு பாதுகாப்புதான். குரல் தழுதழுத்தாலும், அவர் சம்மதித்த வரியைத் தாண்டி எதுவும் அவரிடமிருந்து பிடுங்கப்படாது.

2022ல் பிங் சோங் ஓய்வு பெற்றபோது, கலைப் பொறுப்பு தனி ஒருவரிடம் போகவில்லை. கலைஞர்கள் குழு ஒன்று சேர்ந்து அதை ஏற்றுக்கொண்டது.