விட்டுவிட்டு வரும் சத்தம்: ஒரு வரவு செலவு

பட்டறையில் எழுதிக் கொடுத்த தொகை 60,000 ரூபாய். லைனர், பிஸ்டன், ரிங் செட், கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், ஹெட் வேலை, கூலி எல்லாம் சேர்த்து. வண்டி எங்கள் பழைய மாஸி 1035 டிராக்டர். குறை, இன்ஜினில் ஒரு டக் டக் சத்தம். காலையில் கிளப்பினால் இருக்காது. மதியத்துக்கு மேல் ரோட்டவேட்டர் ஓடும்போது வரும். பத்து நிமிடம் தட்டிவிட்டுத் தானாக நின்றுவிடும்.

60,000 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பதை வயலில் வைத்துத்தான் அளக்க வேண்டும். எங்கள் பக்கம் ரோட்டவேட்டர் ஓட்ட மணிக்கு 1,200 ரூபாய் வாங்குகிறோம். மணிக்கு 6 லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் என்றால் 552 போயிற்று. டிரைவர் கூலி, ஆயில், தேய்மானத்துக்கு 250. மிஞ்சுவது 398 ரூபாய். ஆக, அந்த இன்ஜின் வேலைக்கு ஈடுகட்ட ஏறத்தாழ 150 மணி நேரம் உழ வேண்டும். அவ்வளவு உழைப்பைக் கொட்டுவதற்கு முன், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் நியாயம்.

எண்ணுவது என்றால் உண்மையாகவே எண்ணுவது. மாஸி பெர்குசன் 35-க்கு 1959-இல் வந்த பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின்தான் இந்த வகைக்கு மூலம். 91.4 மி.மீ. போர், 127 மி.மீ. ஸ்ட்ரோக், ஏறத்தாழ 2,500 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. ஐடிலிங்கில் 750 ஆர்.பி.எம். என்று வையுங்கள். கிராங்க் நொடிக்கு 12.5 சுற்று, கேம் 6.25. ஒரு சிலிண்டரில் டீசல் வெடிப்பதும், அதன் ஒரு வால்வு திறந்து மூடுவதும் நொடிக்கு 6.25 தடவைதான். ஃபிளைவீல் போல்ட்டோ கிராங்க் புல்லியோ தளர்ந்திருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டும்.

நொடிக்கு 12 தட்டலை எந்தக் காதாலும் எண்ண முடியாது. கைப்பேசியில் பதிவு செய்து, கால் பங்கு வேகத்தில் போட்டுக் கேட்டால் முடியும். அப்படி 10 நொடி கேட்கும்போது 31 தட்டல் என்றால் கிராங்க் வேகம். 15, 16 என்றால் பாதி வேகம். எங்களுக்குக் கிடைத்தது 16. ஃபிளைவீலும் புல்லியும் சந்தேகப் பட்டியலிலிருந்து போயின. செலவு 0.

அடுத்து டாப்பெட். இந்த பெர்கின்ஸுக்குக் குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ., சூட்டில் 0.25 மி.மீ. இடைவெளி ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் 200 ரூபாய், ராக்கர் கவர் கேஸ்கெட் 120 ரூபாய். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராக்கரின் நுனி பல வருட ஓட்டத்தில் குழிந்துபோயிருந்தால், ஃபீலர் தகடு அந்தக் குழியின் மேல் பாலம் போட்டது போலப் படுத்துக்கொள்ளும். கேஜ் 0.30 என்று சொல்லும், உண்மையான இடைவெளி அதைவிடக் கூடுதலாக இருக்கும். நுனியை விரல் நகத்தால் வருடிப் பார்த்தால் குழி தெரிந்துவிடும். எங்கள் ஆறு ராக்கரும் வழுவழுப்பாக இருந்தன, அளவும் சரி.

மிஞ்சியது எரிபொருளும் பிக் எண்ட் பேரிங்கும். இரண்டையும் பிரித்தறிவதுதான் கடினம், பணமும் இங்கேதான் இருக்கிறது. சத்தம் வரும் நேரத்தில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் அரைச் சுற்று தளர்த்தி, அந்தச் சிலிண்டரை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். கையைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது: வளிமண்டலத்தைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பேரிங் தேய்ந்திருந்தால் சத்தம் எப்போதும் அதே சிலிண்டரோடு ஒட்டி நிற்கும். குறை இன்ஜெக்டரின் நாசிலில் என்றால், இன்ஜெக்டரை இடம் மாற்றினால் சத்தமும் கூடவே இடம் மாறும். எங்கள் வண்டியில் ஒருமுறை முதல் சிலிண்டரில் அடங்கியது, அடுத்த முறை மூன்றாவதில். ஆயில் பிரஷர் முள் அசையவே இல்லை. தேய்ந்த பேரிங் சிலிண்டர் விட்டுச் சிலிண்டர் தாவாது, தானாக ஆறவும் ஆறாது. மூன்று சிலிண்டருக்கும் பொதுவானது டீசல் வரும் வழி ஒன்றுதான்.

டீசலின் அளவைக் கணக்கிட்டால் சந்தேகம் வலுக்கிறது. 2,000 ஆர்.பி.எம்.-இல் மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து மணிக்கு 1,80,000 தடவை டீசல் பாய்கிறது. மணிக்கு 6 லிட்டர் என்றால் ஒரு தடவைக்கு மில்லிலிட்டரில் முப்பதில் ஒரு பங்கு. ஒரு சொட்டுத் தண்ணீரைவிடக் குறைவு! இதில் கடுகளவு காற்றுக் குமிழி புகுந்தால் போதும். காற்று நசுங்கும், டீசல் நசுங்காது; நாசில் திறக்கும் நேரம் பிசகும். 2,000 ஆர்.பி.எம்.-இல் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப நொடியில் 12,000-இல் ஒரு பங்குதான் ஆகிறது. பிசகுக்கு அங்கே இடமே இல்லை.

மதியத்துக்கு மேல் மட்டும் ஏன் என்பதற்கும் இதிலேயே விடை. டேங்க் இன்ஜினுக்கு மேலே இருக்கிறது. காலையில் டேங்க் நிறைந்திருக்கும்போது டீசல் தன் எடையாலேயே இறங்குகிறது. 30 செ.மீ. உயர டீசல் கொடுக்கும் அழுத்தம் 0.025 பார்தான், ஆனாலும் காற்றை வெளியே நிறுத்த அது போதுமாயிருந்தது. மட்டம் இறங்கி, டேங்க் குழாயின் சல்லடையில் தூசியும் அடைத்துக்கொண்டால், ஃபீட் பம்ப் உறிஞ்ச ஆரம்பிக்கிறது. அப்போது காய்ந்த வாஷர் வழியே காற்று உள்ளே வரும். வெளியே ஒரு சொட்டு டீசல்கூடக் கசியாது. அதனால்தான் கண்ணுக்குப் படவில்லை.

40 ரூபாய்க்குக் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப் வாங்கி, ஃபீட் பம்புக்கு முன்னால் மாட்டினோம். கால் டேங்க் இருக்கும்போது வண்டியைக் கிளப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் டீசல் மட்டும். பிறகு ஊசிமுனை அளவில் ஒரு குமிழி, அதன் பின்னால் நாலைந்து சேர்ந்து வரிசையாக. குமிழிகள் கடந்த கொஞ்ச நேரத்தில் சத்தம் தொடங்கியது.

காற்று புகும் வழியை அடைக்க ஆன செலவுப் பட்டியல் இது: டியூப் 40, காப்பர் வாஷர் ஆறு 60, டேங்க் குழாயும் கேஸ்கெட்டும் 250, ஃபில்டர் இரண்டு 300, ஏர் எடுக்கும்போது சிந்திய அரை லிட்டர் டீசல் 46, மெக்கானிக் கூலி 500, ஏற்கெனவே சொன்ன ஃபீலர் கேஜும் கேஸ்கெட்டும் 320. மொத்தம் 1,516 ரூபாய். நான்கு மணி நேர உழவுக்கும் குறைவு. இதில் ஃபீலர் கேஜ் என்றைக்கும் கூட இருக்கும். அந்த 500 ரூபாய் கூலியை இன்னும் கூட்டிக் கொடுத்திருக்கலாம். நட்டைத் தளர்த்தி, காது கொடுத்து, பொறுமையாக நின்றவர் அவர்.

ஒரு எச்சரிக்கை. சத்தத்தோடு ஆயில் பிரஷரும் இறங்கினால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். அப்போது 60,000 ரூபாய் நியாயமான செலவு, தாமதித்தால் அதுவும் போதாது.

இனி பாக்கியிருப்பது மூன்று நாசிலையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்ப்பது. ஒன்றுக்கு 300 வீதம் 900 ரூபாய். அடுத்த நடவு உழவு தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.