எங்கே, எவ்வளவு ஆழம்? எரிபொருள் கசிவைத் தேடும் மண் பரிசோதனை

2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்களில் தண்ணீரோடு எரிபொருளும் ஏறி வந்தது. துறைமுகத்திலிருந்து எண்ணெய் கொண்டுவரும் குழாய் பூமிக்கடியில் கசிந்திருந்தது. கிணற்றில் நாற்றம் அடிக்கும்வரை காத்திருக்காமல் இத்தகைய கசிவைக் கண்டறிய மண் மாதிரி உதவும். ஆனால், தவறான இடத்தில் தோண்டி ‘மண் சுத்தம்’ என்று ஓர் அறிக்கை வந்துவிட்டால், அதன்பின் அங்கே யாரும் தோண்டப் போவதில்லை. அதனால்தான், துளையிடும் இயந்திரம் வருவதற்கு முன்பே காகிதத்தில் முடிக்க வேண்டிய வேலை முக்கியமாகிறது.

பெட்ரோல் பங்க் என்றால் முதலில் கேட்க வேண்டியது இருப்புப் பதிவேடு. தினமும் தொட்டியில் டிப் ராடு விட்டுப் பார்த்த அளவுக்கும் விற்பனைக் கணக்குக்கும் தொடர்ந்து வித்தியாசம் இருந்தால் அது ஒரு தடயம். பழைய வரைபடத்தில் தொட்டியின் இரு முனைகள், லாரி எண்ணெய் இறக்கும் வாய், குழாய் இணைப்புகள், பம்புகளின் அடிப்பகுதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கசிவு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். மின்கேபிள், குடிநீர்க் குழாய் போகும் தடத்தையும் அதே வரைபடத்தில் குறித்தாக வேண்டும்.

அடுத்த கேள்வி, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. அருகருகே ஒரே வரிசையில் இல்லாத மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரே நாளில், ஒரே உயரக் குறியிலிருந்து அளந்தால் திசை தெரிந்துவிடும். அந்தத் திசையில் துளைகள் கூடுதலாக வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க எதிர்த்திசையிலும் ஒன்று வேண்டும்.

ஆழத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட லேசானவை. மண் வழியே இறங்கி, நீர்மட்டத்தின்மேல் மிதந்து பரவும். கோடையில் நீர் இறங்கும்போது எண்ணெயும் இறங்கும். வடகிழக்குப் பருவமழையில் நீர் ஏறும்போது அதுவும் மேலே வரும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு இடைப்பட்ட மண்தான் அதிகம் கறைபடுகிறது. மேல்மண்ணை மட்டும் சோதிப்பது வீண். மே மாத மட்டமும் டிசம்பர் மட்டமும் அந்தத் தெருவில் கிணறு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். திட்டம் போடுபவர்கள் அவர்களிடம் கேட்க வேண்டும்.

மாதிரியைக் கையாளும் விதமும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். விவசாயிகள் உர அளவு அறிய ‘வி’ வடிவக் குழி வெட்டி, பல இடத்து மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி அனுப்புவார்கள். எரிபொருளைத் தேடும்போது அந்த முறை கூடவே கூடாது. கலக்கும்போதும் உலர்த்தும்போதும் பெட்ரோலில் உள்ள பென்சீன் காற்றில் பறந்துவிடும். துளையிலிருந்து வந்த மண்ணை உடனே சில கிராம் வெட்டியெடுத்து, மெத்தனால் உள்ள கண்ணாடிக் குப்பியில் இட்டு மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எல்லா ஊருக்கும் ஒரே திட்டம் பொருந்தாது. யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெயால் கிணறுகள் மாசுபட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில், 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அங்கே அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்புகள் வழியே எண்ணெய் எங்கும் ஓடலாம் என்பதால் அத்தகைய நிலத்தில் மண் மாதிரி மட்டும் போதாது. சுற்றியுள்ள கிணறுகளையும், மழைக்கு முன்பும் பின்பும், திட்டத்தில் சேர்த்தாக வேண்டும்.