கல்லாவில் கள்ளநோட்டு வந்தால்

திங்கள் சந்தையன்று இரவு கல்லாவை எண்ணும்போது 500 ரூபாய்க் கட்டில் ஒரு நோட்டு உறுத்துகிறது. மொத்த வியாபாரிக்குக் கட்டும் பணத்தின் நடுவே செருகிவிட்டால் போயிற்று என்று நினைக்கிற சிறுகடைக்காரர்கள் நம்மூர்ப் பக்கம் உண்டு.

அப்படிச் செருகாவிட்டால் நட்டம் 500 ரூபாயோடு போகும். தெரிந்தே கைமாற்றினால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 179ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை இடமுண்டு. மாற்றும் எண்ணத்தோடு பெட்டியில் வைத்திருந்தாலே 180ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை. கள்ளநோட்டுக் குற்றம் பற்றி அறிந்தவர் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிப்பதை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33ஆம் பிரிவு கடமையாகவே ஆக்கியிருக்கிறது. உணவுக் கலப்படமும் அதே பட்டியலில் இருப்பதைப் பலசரக்குக்காரர்கள் கவனிக்க.

ஒன்றிரண்டு நோட்டு என்றால் வங்கியில் கொடுத்துவிடலாம். முத்திரையிட்டுப் பிடித்துக்கொண்டு ரசீது தருவார்கள், பணம் வராது. ஒரே தடவையில் நான்கு வரை இருந்தால் மாத அறிக்கையில் சேர்த்துப் போலீசுக்கு எழுதுவார்கள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் உடனே புகார். தெரிந்தே நோட்டு மாற்ற ஒருவன் கடை கடையாக வருகிறான் என்றால் நேரே காவல் நிலையம்தான்.

அங்கேதான் தயக்கம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு இறந்ததை எந்த வியாபாரி மறப்பார்? அந்தப் பயத்தை வீண்பயம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது, விசாரணை சி.பி.ஐ. வரை போய்ப் போலீசார் மீதே கொலை வழக்கு நடந்தது. உரிய இடத்தில் பதிவான வாக்குமூலத்துக்கு அவ்வளவு பலம்.

ஆகவே தனியே போக வேண்டாம். சங்க நிர்வாகி ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வாயால் சொன்னாலும் எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்ப்பார்கள். கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்பது 2013இல் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. மறுத்தால் நாகர்கோவிலில் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால். அதற்கும் அசையாவிட்டால் இரணியல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு.

நோட்டின் எண், வந்த தேதி, தந்தவர் அடையாளம் மூன்றையும் அன்றே நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். நோட்டின் மேல் எதுவும் எழுத வேண்டாம்.