அவருக்கு டெல், அம்மணிக்கு எச்.பி.! லேப்-டாப் வாங்கும் தம்பதிகள் ஏமாறாமல் இருக்க வழி என்ன?

ஈரோடு,

"டெல்தான் உழைக்கும்" என்கிறார் கணவர். "அக்கா வீட்டுல எச்.பி. அஞ்சு வருஷமா ஓடுது, அதையே வாங்குங்க" என்கிறார் மனைவி. சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு லேப்-டாப் வாங்க வரும் தம்பதிகள் கடையிலேயே மல்லுக்கட்டுவது அடிக்கடி பார்க்கிற காட்சிதான்.

ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் பணம்தான் வீண். எச்.பி., டெல், லெனோவா, ஏசர், ஆசஸ் என எதைத் திறந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. பிராசசர்தான். எல்லா கம்பெனியும் மலிவு ரகமும் போடுகிறது, நல்ல ரகமும் போடுகிறது. பெரிய கம்பெனியின் மட்ட ரகத்தை விட, சின்ன பெயர் உள்ள கம்பெனியின் நல்ல ரகம் மேல்.

யாருக்கு என்ன வேலை?

கடைக்கு போகும் முன் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். கணவர் வீட்டில் டேலி கணக்கு போடுபவர், மனைவி ஆன்-லைனில் டியூசன் எடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். டேலி விண்டோசில் ஓடும் சாப்ட்வேர். அழகாக இருக்கிறதே என்று ஆப்பிள் மேக்புக்கோ, விலை குறைவு என்று குரோம்புக்கோ வாங்கினால் அது நேரடியாக ஓடாது. டியூசனுக்கு கேமரா, மைக் நன்றாக இருக்க வேண்டும். கடையிலேயே ஆன் செய்து பார்த்துவிடுங்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே லேப்-டாப் போதும். விண்டோசில் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம். அவர் பைலை இவர் அழித்துவிட்டார் என்ற தகராறு வராது.

எதில் கஞ்சத்தனம் கூடாது?

ராம் குறைந்தது 8 ஜி.பி. இருக்க வேண்டும். 16 ஜி.பி. என்றால் பல வருஷத்துக்கு கவலை இல்லை. சில மாடல்களில் ராம் போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது. "தனி ஸ்லாட் இருக்குதா?" என்று கேளுங்கள். ஸ்டோரேஜ் எஸ்.எஸ்.டி.யாக 512 ஜி.பி. இருந்தால் நல்லது. 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. என்று போட்டிருந்தால் விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் பத்தாது.

சர்வீஸ் சென்டர் எங்கே?

கம்பெனியை முடிவு செய்ய வேண்டிய இடம் இதுதான். கடை ஈரோட்டில், சர்வீஸ் சென்டர் கோவையில் என்றால் ஒவ்வொரு ரிப்பேருக்கும் 100 கிலோ மீட்டர் போக வேண்டும். ஒரு நாள் சம்பளமும் போச்சு. வீட்டுக்கே வந்து சரிசெய்யும் வாரண்டியா, நாமே தூக்கிக்கொண்டு போகும் வாரண்டியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே விழுந்து உடைந்தாலோ, காபி கொட்டினாலோ சாதாரண வாரண்டி கை கொடுக்காது.

செகண்ட் ஹேண்ட் உஷார்!

லெனோவா திங்க்பேட், டெல் லேட்டிடியூட் போன்றவை கம்பெனிகளில் ஓடி, பிறகு செகண்ட் ஹேண்டில் வரும். கெட்டியான உடம்பு, விலையும் மலிவு. ஆனால் விண்டோஸ்-10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நிறுத்திவிட்டது. பேங்க் பணம் அனுப்ப அது ஆபத்து. இன்டெல் என்றால் 8-வது தலைமுறைக்கு முந்தியது பெரும்பாலும் விண்டோஸ்-11க்கு ஏற்றதாக இராது. அதை யார் தலையிலாவது கட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

பில் முக்கியம்

"பில் இல்லாம குறைச்சு தர்றேன்" என்றால் மயங்காதீர்கள். சீரியல் நம்பர் போட்ட ஜி.எஸ்.டி. பில் கட்டாயம் வாங்குங்கள். அந்த நம்பரை கம்பெனி இணையதளத்தில் போட்டால் வாரண்டி எத்தனை நாள் என்று தெரியும். வட்டியில்லா தவணை என்றாலும் பிராசசிங் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு கட்டணம் கிடையாது.

ஆக, டெல்லா எச்.பி.யா என்ற பஞ்சாயத்தை கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை, ராம், வாரண்டி, சர்வீஸ் சென்டர், விலை ஐந்தும் இரண்டிலும் சமமாக இருந்தால், அம்மணி சொல்வதையே வாங்கிவிடுங்கள். வீட்டில் நிம்மதி!