கனிங் மந்தைப் பாதையில் மூன்று கிழமைகள்

யூபிலி மலர்க் குழுவினர் பயணக் கட்டுரை ஒன்று எழுதி விடுக்குமாறு கேட்டிருந்தனர். ஐரோப்பிய நகரங்களைப் பற்றியும் வடநாட்டுத் தலங்களைப் பற்றியும் எழுத வல்ல பழைய மாணவர் பலர் உளர். யானோ இப்பொழுது வாழ்ந்துவரும் மேற்கு அவுஸ்திரேலியாவிலே, ஊருமில்லாத தார் றோட்டுமில்லாத நெடும்பாதை ஒன்றிலே நண்பர் மூவருடன் சென்றுவந்த வரலாற்றையே எழுதத் துணிகின்றேன். பூமிசாத்திர வகுப்பில் நாம் விரித்துப் பார்த்த படத்திலே அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதி பெயர் ஏதுமின்றி மஞ்சள் நிறமாய்க் கிடந்தமை சிலருக்கேனும் நினைவிருக்கும். அந்த மஞ்சளுக்குள்ளேதான் இப்பாதை செல்கின்றது.

கனிங் மந்தைப் பாதை என்பது அதன் பெயர். தெற்கே விலூனா என்னும் சிற்றூரிலே தொடங்கி வடக்கே ஹோல்ஸ் கிறீக் வரை ஏறத்தாழ 1,850 கிலோமீற்றர் நீளமுடையது. குறுக்கே கிடக்கும் மணற்குன்றுகள் 900க்கு மேற்பட்டவை.

இப்பாதை தோன்றியதற்குக் காரணம் ஓர் உண்ணி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கிழக்குக் கிம்பர்லிப் பண்ணைகளின் மாடுகளை உண்ணிக்காய்ச்சல் பற்றியிருந்தது. நோய் பரவுமென்று அஞ்சி, அம்மாடுகளைக் கப்பலேற்றித் தெற்கே கொண்டுவர அரசு தடைவிதித்தது. மேற்குக் கிம்பர்லிப் பண்ணையாளர் போட்டியின்றி விற்றனர். பொற்சுரங்க ஊர்களிலே இறைச்சி விலை ஏறியது. வரண்ட பாலைநிலத்தினூடே மாடுகளை நெடுநாள் நடத்திவந்தால் உண்ணி வழியிலேயே செத்துவிடும் என்று சிலர் கருதினர். கருத்து நன்று, ஆனால் மாடு குடிக்க நீர் வேண்டுமே! அல்பிரெட் கனிங் என்னும் அரசாங்க நில அளவையாளர் 1906இல் ஒட்டகங்களுடன் வழிதேடிப் புறப்பட்டார். 1908 முதல் 1910 வரை, மாடு ஒருநாள் நடக்கக்கூடிய தூரத்துக்கு ஏறக்குறைய ஒன்றாகக் கிணறுகள் வெட்டப்பட்டன. 51 கிணறுகளுக்கும் தெற்கிலிருந்து எண் இடப்பட்டுள்ளது. இன்றும் அப்பாதையிற் செல்வோர் இடங்களை ஊர்ப்பெயராற் கூறுவதிலும் கிணற்றெண்ணாற் கூறுவதே மிகுதி.

யாம் ஜூன் மாதத்திலே இரண்டு வண்டிகளிற் புறப்பட்டோம். மே முதல் செப்டெம்பர் வரையுள்ள குளிர்காலமே இதற்கு உகந்தது. கோடையிற் செல்வது உயிரோடு விளையாடுவதாகும். நாற்சில்லும் உந்தும் வண்டி என்றவுடன் அதன் பொறியின் வலிமையையே பலர் வினவுவர். உண்மையிலே பயணத்தின் வெற்றி பெரும்பாலும் கணக்குப் பார்ப்பதிலே தங்கியுள்ளது. விலூனாவை விட்டால் அடுத்த எரிபொருள் 33ஆம் கிணற்றுக்கு அண்மையிலுள்ள குனவரிட்ஜி என்னும் ஆதிக்குடிகளின் சிற்றூரிலேயே கிடைக்கும். இடைத்தூரம் ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர். மணலிலே எமது வண்டி 100 கிலோமீற்றருக்கு 20 லீற்றர் டீசல் குடித்தது. ஆகவே 200 லீற்றரும் அதற்கு மேல் ஒரு காப்பும் ஏற்ற வேண்டும். அதனோடு குடிநீர், மூன்று கிழமைக்கு உணவு, இரண்டு உபரிச் சில்லுகள், கருவிகள், செய்மதித் தொலைபேசி ஆகியனவும் ஏறும். பாரம் கூடக்கூட வில்லுகள் முறியும். பாரத்தைக் குறைத்தால் நாவரளும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் வித்தை.

மணற்குன்றை ஏறுவதற்கு வேகத்திலும் இன்றியமையாதது ரயரிற் காற்றை இறக்குதல். தார் றோட்டிலே சதுர அங்குலத்துக்கு 38 இறாத்தலாக இருந்த காற்றை 16 இறாத்தலுக்குக் குறைத்தோம். அப்பொழுது ரயர் சப்பையாகி, ஒட்டகத்தின் பாதம்போல நீண்டு பரந்து, மணலைக் கிண்டாமல் அதன்மீது மிதந்து செல்லும். முதல் நாள் நான் வீரங்காட்டிக் காற்றை இறக்காது ஏறப்போய், ஒரே குன்றில் நான்கு முறை பின்னோக்கி வழுக்கினேன். ஐந்தாம் முறை நண்பர் ஒன்றும் பேசாமல் காற்றுமானியை என் கையிலே தந்தார். உச்சியிலே எதிர்வண்டியுடன் மோதாதிருக்க ஒவ்வொரு வண்டியிலும் நெடுங்கம்பத்திற் கொடி கட்டுவர். இன்னோர் ஆபத்து புல்லினால் வருவது. ஸ்பினிபெக்ஸ் என்னும் பிசின் நிறைந்த முட்புல், வண்டியின் அடியிலே புகைக்குழாயருகே சிக்கி, வெப்பத்தால் தீப்பற்றும். மாலைதோறும் பாய் விரித்து வண்டிக்கடியிற் படுத்துக்கொண்டு அப்புல்லைக் கம்பியால் இழுத்தெடுப்பது எமக்கு ஒரு நித்திய கருமமாயிற்று.

இரவில் பாலைச் சவுக்கு மரங்களின்கீழ்க் கூடாரம் அடிப்போம். நம் நாட்டுக் கடற்கரைச் சவுக்கின் இனமே அது. காற்றிலே அதே இரைச்சல். கண்ணை மூடினால் கடல் அருகிலிருப்பதாகவே தோன்றும். பகலிலே வெயில் இதமாக இருக்கும். விடியற்காலையிலே போர்வைமீது உறைபனி படிந்திருக்கும். சப்பாத்தைக் கூடாரத்துக்கு வெளியே வைக்கலாகாது. டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிச்சென்றுவிடும்.

இனிக் கிணறுகளின் கதைக்கு வருவோம். பங்குக் கிணற்றுக்கு நாள்முறை வைத்து, அது தவறினால் வழக்குமன்றம் வரை சென்ற நம்மவர்க்கு இக்கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. கனிங் கிணறு வெட்டிய இடங்களுட் பல புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. அவை அந்நிலத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஊற்றுகள். வற்றாத ஊற்றை அவர்களுட் சிலர் ஜிலா என்பர். உயிருள்ள நீர் என்று பொருள் கூறுவர். அந்நீரிலே மழைதரும் பாம்பு உறைவதாகவும், அதற்குத் தம்மை அறிவித்த பின்னரே அணுக வேண்டும் என்றும் அவர் நம்பினர். அவ்விடங்களைக் காட்டும்படி கனிங்கின் குழுவினர் ஆதிக்குடிகளைப் பிடித்து, ஓடிவிடாதவாறு கழுத்திலே சங்கிலி பூட்டி நடத்திச் சென்றனர். குழுவின் சமையற்காரராயிருந்த பிளேக் என்பவரே இதனைக் குற்றமாக எடுத்துரைக்க, 1908இல் அரச விசாரணைக்குழு ஒன்று அமர்ந்தது. சங்கிலி பூட்டியதைக் கனிங் மறுக்கவில்லை. ஆயினும் குழு அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. அவர் கிணறு வெட்டத் திரும்பிச் சென்றார்.

வெட்டிய கிணறுகளும் அம்மக்களுக்குப் பயன்படவில்லை. மாட்டுக்கென்று அமைத்த பெருவாளியை, உருளையிற் கயிறு சுற்றி இழுக்கப் பல ஆள்வலி வேண்டும். முயன்றவருட் சிலர் காயமுற்றனர். முன்னே கையால் அள்ளிய நீர் இப்பொழுது ஆழத்திலே கிடந்தது. ஆகவே மரச்சட்டங்களைப் பிடுங்கியும் எரித்தும் கிணறுகளை அழித்தனர். 1911இல் முதன்முதல் மந்தையோட்டி வந்த தொம்சன், ஷூஸ்மித் என்னும் இருவரும் அவர்களுடன் வந்த ஆதிக்குடி ஊழியர் ஒருவரும் 37ஆம் கிணற்றருகே கொல்லப்பட்டனர். அவ்வாண்டே பழிவாங்கச் சென்ற பொலிசார் ஆதிக்குடிகளுட் குறைந்தது பத்துப் பேரைக் கொன்றனர். அக்கிணற்றடியிலே மந்தையோட்டிகளின் கல்லறை இருக்கின்றது. மற்றைப் பத்துப் பேருக்கு அங்கே கல்லெதனையும் யாம் கண்டிலம். அன்றிரவு அங்கே தங்குவதென்பது முன்னேற்பாடு. ஒருவரும் எடுத்துச் சொல்லாமலே வண்டியேறி அப்பாற் சென்று தங்கினோம்.

இத்துணை இரத்தஞ் சிந்தியும் பாதை பயன்பட்டதோ எனின், 1931 வரை எட்டு மந்தைகளே அவ்வழி சென்றன. பழுதுற்ற கிணறுகளைத் திருத்தும் வேலையை முடிக்கக் கனிங் தமது எழுபதாம் வயதிலே மீண்டும் அங்கே போயினார். இறுதி மந்தை 1959இற் சென்றது. 1968இல் நில அளவையாளர் மூவர் லாண்ட்றோவர் வண்டிகளில் முதன்முறையாக முழுப்பாதையையும் கடந்தனர். அதன் பின்னரே எம்போன்ற உல்லாசப் பயணிகள் வரலாயினர்.

நிலவுரிமையும் சட்டத்தில் மாறிற்று. பாதையின் நடுப்பகுதியை உள்ளடக்கிய பெருநிலத்துக்கு மார்ட்டு மக்களின் உரிமையை நீதிமன்றம் 2002இல் ஏற்றது. ஃபிராங்க் ஹான் என்பவர் 1897இலே, நன்னீர் கிடைக்குமென்று எண்ணிவந்து உப்பைக் கண்டு, ஏமாற்ற ஏரி எனப் பெயரிட்ட உப்பேரிக்கு 2020இல் கும்புபின்டில் என்னும் பழம்பெயர் மீண்டது. இன்று அப்பாதையிற் செல்வோர் உரிமையாளரிடம் பணங்கட்டி அனுமதிப் பத்திரம் பெற வேண்டும். சில இடங்களுக்கு வெளியார் செல்லலாகாது. எம்முள் ஒருவர் இதற்கு முணுமுணுத்தார். பிறர் வளவுக்குட் போவதானால் படலையில் நின்று கேட்பதில்லையோ என்றேன்.

தொண்டர்கள் திருத்திய சில கிணறுகளிலே இன்றும் நல்ல நீர் உண்டு. அவற்றை நம்பி, பேர்த்திலிருந்து ஏற்றிய நீரைச் சிக்கனமாய்ப் பாவித்தோம். இருபதாம் நாள் மாலை, 51ஆம் கிணற்றையுங் கடந்து, தனாமி றோட்டிலே ஏறி நின்று ரயர்களுக்குக் காற்றடித்தோம். இரைச்சலடங்கிய பின் தொட்டியில் எஞ்சிய நீரை அளந்தோம்: 11 லீற்றர். ஹோல்ஸ் கிறீக்கிலே குழாய்நீர் தாராளமாய் இருந்தும், நண்பர் அதனைக் கொட்ட மனமின்றிப் பேர்த் மட்டும் கொண்டுசென்றார்.