கஞ்சியின் நீரும் குழந்தையின் எடையும்

பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதங்கள் வரை தாய்ப்பால் ஒன்றே போதிய உணவாகும். அக்காலத்தில் செவ்வனே எடை கூடிவந்த குழந்தை, ஆறாம் மாதத்திற்கும் பதினெட்டாம் மாதத்திற்கும் இடையே தேக்கமுறுவதை ஊழியர்கள் அடிக்கடி காண்கின்றனர். நோய் ஏதும் தென்படாது; குழந்தை சிரித்து விளையாடும். ஆயினும் வளர்ச்சி அட்டையிலுள்ள கோடு மேலேறாமல் படுத்துவிடும். இதன் காரணத்தையும் இல்லத்திலேயே செய்யத்தக்க பரிகாரத்தையும் இங்கு ஆராய்வோம்.

மும்பையின் கீழ்க்கரையிலுள்ள டிராம்பேயை எடுத்துக்கொள்வோம். 1976-ஆம் ஆண்டில் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட சீட்டா கேம்ப் இங்குள்ளது. அங்கு வாழ்வோரில் தமிழ்க் குடும்பத்தினர் பலர். இத்தகைய நெருக்கமான குடியிருப்புகளில் தாய் வேலைக்குச் செல்ல, கைக்குழந்தையை மூத்த குழந்தை பார்த்துக்கொள்வது வழக்கம். காலையில் காய்ச்சிய கஞ்சியே பகல் முழுவதற்கும் உணவாகிறது. கட்டி தட்டாமலும் எளிதில் விழுங்கும்படியும் இருக்கவேண்டும் என்பதற்காக அதில் நீர் தாராளமாகச் சேர்க்கப்படுகிறது. இடையில் குழந்தை அழுதால் கடையில் வாங்கிய பிஸ்கட்டோ, பொட்டல நொறுக்குத் தீனியோ கொடுக்கப்படுகிறது.

இங்கு ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேற்பட்டு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தேவை. அதன் இரைப்பை சிறியது. ஒருவேளைக்கு ஏறக்குறைய 200 மில்லிலிட்டர்தான் கொள்ளும். அத்தனை நீர்க்கஞ்சியில் 10 கிராம் மாவு இருப்பின் சுமார் 33 கலோரியே கிடைக்கும். அதே அளவு கெட்டிக் கஞ்சியில் 40 கிராம் மாவு இருப்பின் சுமார் 130 கலோரி கிடைக்கும். இரு குழந்தைகளுக்கும் வயிறு நிறைகிறது. ஒன்றுக்கே உடல் வளர்கிறது. தாய் குறைவாக ஊட்டவில்லை. ஊட்டியதில் பெரும்பகுதி நீராக இருந்தது. ஆகையால் அவளைக் கடிந்துரைப்பது முறையன்று.

கெட்டிக் கஞ்சியைச் சிறு குழந்தை விழுங்க மறுக்கும் என்பது உண்மையே. இதற்கு நம் அடுக்களையிலேயே வழியுண்டு. தானியம் முளைவிடும்போது அமிலேஸ் என்னும் நொதிப்பொருள் அதில் உண்டாகிறது. அது மாவுப்பொருளின் நீண்ட கோவைகளை அறுத்துக் கஞ்சியை இளக்குகிறது. நீர் சேர்க்கவேண்டிய அவசியமில்லை. 1980-களில் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் டாரா கோபால்தாஸும் அவர்தம் குழுவினரும் முளைகட்டிய கோதுமை மாவைக்கொண்டு இதனை ஆராய்ந்தனர். கேழ்வரகை முளைகட்டும் வழக்கம் நம் தாய்மார்க்குப் புதிதன்று.

செய்முறை எளியது. கோதுமையையோ கேழ்வரகையோ ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைவிடச் செய்க. பின் வெயிலில் உலர்த்தி, முளைகளைத் தேய்த்து நீக்கி, இலேசாக வறுத்து அரைக்க. மிகுதியாக வறுப்பின் நொதிப்பொருள் அழிந்துவிடும். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கொதி அடங்கியதும் இம்மாவில் ஒரு தேக்கரண்டி கலக்கினால் சில நிமிடங்களில் இளகும். கிருமிகள் ஒழியுமாறு மீண்டும் ஒரு கொதி வரவிடுக. சிறிது எண்ணெயும் மசித்த பருப்பும் சேர்ப்பின் இன்னும் நன்று. எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளையும், அதன்பின் மூன்று நான்கு வேளையும் ஊட்டவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. அவற்றுள் தாராவியும் ஒன்று. அதுமுதல் எடை பார்ப்பது அங்கன்வாடிப் பணியின் அங்கமாகிவிட்டது. ஆயின் எடையைக் குறிப்பதோடு பணி முடிவதில்லை. எடை ஏறாத குழந்தையின் வீட்டில் மூன்று வினாக்களைக் கேட்கவேண்டும்: கஞ்சி கரண்டியில் நிற்கிறதா, வழிந்தோடுகிறதா? பகலில் ஊட்டுபவர் யார்? அண்மையில் வயிற்றுப்போக்கு இருந்ததா? வயிற்றுப்போக்கு இருப்பின் உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் அளிக்கச் செய்து, உணவையும் தொடரச் சொல்லவேண்டும். மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைந்திருப்பின் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புக.

பகலில் ஊட்டுபவர் பெரும்பாலும் பள்ளிச் சிறாரே ஆதலின், ஆசிரியரின் பங்கும் இதில் சிறிதன்று. 1978-இல் டேவிட் மார்லியும் ஹியூ ஹாசும் இலண்டனில் தொடங்கிய ‘குழந்தையிலிருந்து குழந்தைக்கு’ என்னும் இயக்கம் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டதே. கை கழுவுதல், பொறுமையாகப் பேசிப் பேசி ஊட்டுதல், முகம் பார்த்து விளையாடுதல் ஆகியவற்றை ஐந்தாம் வகுப்பு மாணவனும் கற்றுக்கொள்வான். அப்பேச்சும் விளையாட்டும் வளரும் மூளைக்கு உணவைப் போன்றே இன்றியமையாதவை. வகுப்பில் நடத்தும் ஒரு பாடம் அன்று மாலையே ஒரு தங்கையின் கிண்ணத்தைச் சென்றடையும்.