பள்ளத்தில் நின்ற ஒற்றை மரம்

இங்கிலாந்தின் வடபகுதியிலே, நோர்தம்பலண்ட் பிரதேசத்தில், உரோமப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 122 ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய நெடுமதில் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கிச் செல்கின்றது. அது செங்குத்தான ஒரு பள்ளத்துள் இறங்கி மறுபுறம் ஏறுமிடத்தில், சரிநடுவே ஒரேயொரு சிக்கமோர் மரம் நின்றது. இருபுறமும் வெறும் புற்சரிவு, பின்னால் வானம். பிரித்தானியாவில் மிக அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட மரங்களுள் ஒன்று எனப் பெயர் பெற்ற அம்மரத்தை, 2023 செப்டெம்பர் 27 ஆம் திகதி இரவு, புயற்காற்றின் நடுவே இருவர் வந்து இயந்திர வாளால் அறுத்து வீழ்த்தினர்.

அம்மரத்தை நான் கண்டது 1998 இல். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்த காலம். நியூகாசிலில் படித்துக்கொண்டிருந்த நண்பரொருவர் தமது பழைய காரில் என்னை அழைத்துச் சென்றார். இரவல் கமரா, 36 படச் சுருளில் எஞ்சியிருந்தவை நான்கே நான்கு. ஆகவே அவசரப்பட இடமிருக்கவில்லை.

முதலில் எல்லோரும் செய்யும் தவறையே நானும் செய்தேன். மரத்தின் அடிக்கே சென்றுவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் பருத்த அடிமரமும் இலைக்கூட்டமுமாக அது எந்தப் பூங்காவிலும் நிற்கக்கூடிய மரம்தான். தெற்கே, வீதிப் பக்கமாகத் திரும்பி நடக்க நடக்கத்தான் இரு சரிவுகளும் இரண்டு கைகளைப்போல் எழுந்து, நடுவே அதனை ஏந்தி நிற்பது புலப்பட்டது. பள்ளத்தை விட்டு விலகினால்தான் மரம் தனிமரமாகும். வேறு சிக்கலும் இருந்தது. பின்னால் வெளிர்வானம், கமராவின் ஒளிமானி அந்த வெளிச்சத்தையே நம்பி அளந்தால் மரம் கரிக்கட்டையாகிவிடும். புல்லின்மீது அளந்து பின் மரத்தை நோக்கித் திருப்பும்படி நண்பர் கூறினார். மதிலின் வடபுறம் சென்று தெற்கு நோக்கினால் பால்வீதி மரத்தின் மேல் எழுவதையும், தென்புறம் நின்று வடக்கு நோக்கி நெடுநேரம் கமராவைத் திறந்து வைத்தால் விண்மீன்கள் வட்டமிடுவதையும் பிடிக்கலாம் என்பதைப் பின்னாளில் பிறர் எடுத்த படங்களிலிருந்தே அறிந்தேன். இருள் மிகுந்த வானுக்குப் பேர்போன இடம் அது.

நான்கில் ஒன்று தேறியது. அதை ஊருக்கு, அம்மாவுக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: “தம்பி, மரம் வடிவாய் இருக்கு. ஆனால் நீ ஏன் அதிலை இல்லை? அது ஆற்றை காணி?”

ஆலடி, புளியடி, வேம்படி, ஒற்றைப் பனையடி என்று மரத்தைச் சொல்லி இடத்தைக் காட்டிய மக்களல்லவா நாம்! இங்கும் அவ்வாறே அந்தப் பள்ளத்துக்கு மரத்தின் பெயரே வழங்கியது. 1991 இல் வெளியான றொபின் ஹூட் திரைப்படத்தில் அது இடம்பெற்றபின் புகழ் பன்மடங்காயிற்று. டோவர் கரையில் இறங்கி நொட்டிங்ஹாம் நோக்கிச் செல்லும் கதாநாயகன், வழியில் இந்த வடகோடி மதிலைக் கடப்பதாக அதிலே காட்டினார்கள். தேசப்படம் பார்த்தவர்கள் சிரித்தார்கள். 2016 இல் இங்கிலாந்தின் அவ்வாண்டுக்குரிய மரமாகவும் அது தெரிவாயிற்று. இத்தனைக்கும் சிக்கமோர் இந்நாட்டுக்குரிய மரமன்று. ஐரோப்பாவின் பெருநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, இங்கே விதை பரப்பி நிலைகொண்டது. இந்த மரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்காணிக்குரியவர் நட்டதாகக் கூறுவர். அம்மாவின் கேள்விக்கு அதுவே விடையாக இருந்திருக்கலாம். அப்போது எனக்குத் தெரியாது.

வெட்டியவர்கள் நியூகாசில் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, 2025 ஜூலையில் தலா நான்கு ஆண்டு மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றனர். அவர்களில் ஒருவரின் கைத்தொலைபேசியில் 2 நிமிடம் 41 விநாடி நீளமான ஒளிப்பதிவு இருந்தது. அதில் இருட்டும், வாளின் இரைச்சலும், இறுதியில் மரம் சரியும் ஓசையும். நின்ற நிலையில் அம்மரத்தின் கடைசிப் படம் அதுதான். ஆயிரமாயிரம் பேர் ஒளிக்காகக் காத்திருந்து எடுத்த மரத்துக்கு இப்படியொரு கடைசிப் படம்!

2024 கோடையில் அடிக்கட்டையிலிருந்து தளிர்கள் வெடித்தன. வீழ்ந்த மரத்திலிருந்து சேகரித்த விதைகளில் முளைத்த கன்றுகளில் நாற்பத்தொன்பதை, மரத்தின் உயரம் 49 அடியாதலால் அடிக்கு ஒன்றாக, நாட்டின் பல இடங்களுக்கும் வழங்கத் தீர்மானித்தனர்.

அம்மாவுக்கு அனுப்பிய படம் இடப்பெயர்வுகளில் எங்கோ போய்விட்டது. என்னிடம் எஞ்சியிருப்பது தேறாத மூன்றுள் ஒன்று: சற்றே ஆடிப்போன படம், மரத்தின் உச்சி வெட்டுப்பட்டிருக்கிறது, ஓரத்தில் நண்பரின் தோள். அதைச் சென்ற மாதம் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினேன். எந்த ஊர் என்று மகள் கேட்டாள். சிக்கமோரடி என்றேன்.